முதல் கேள்வி முடியும்வரை

1

நான் சிங்கப்பூரில் வந்து இறங்கிய தேதியை என்னைவிட என் மாமாதான் சரியாக நினைவில் வைத்திருப்பார். அம்மாவின் தம்பி. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் போன் செய்து, "தேனு, சாயந்திரம் வேலை முடிஞ்சதும் ஃபேரர் பார்க் ஸ்டேஷன் வாசல்ல வந்து நில்லு" என்பார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு மீன் தலைக் கறி வாங்கித் தருவார். கடைக்காரரிடம் ஒவ்வோர் ஆண்டும் என்னைப் புதிதாக அறிமுகம் செய்வார்.

"எங்க அக்கா பொண்ணு. எங்க குடும்பத்துலயே இஸ்கூலு முடிச்ச மொத ஆளு. இங்க பெரிய கம்பெனில இருக்கு."

கடைக்காரரும் சலிக்காமல், "அப்படியா! சொல்லவே இல்லியே" என்பார்.

இந்த ஆண்டும் அந்தத் தேதி வந்தது. மாமா அழைத்தார். மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நான் எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை. பிறகு ஒரு குரல் செய்தி: "பிஸியா தாயி? சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்." மறுநாளும் நான் எடுக்கவில்லை.

எடுக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தேன். சொந்த மாமாவின் போனை எடுக்க மாட்டேன் என்று ஒருத்தி எதற்காகக் கையெழுத்துப் போடுவாள் என்று ஊரில் இதைப் படிக்கும் நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

2

என் வேலை 'செக்யூரிட்டி வேலை' என்று அம்மா எங்கள் தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா, "பாவம், பொட்டப்புள்ளைக்கு நைட் டூட்டியெல்லாம் போடுவாங்களா?" என்று கேட்டார்களாம். நான் விளக்கப் பார்த்தேன். அம்மா பாதியிலேயே, "யூனிஃபார்ம் உண்டா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றாள்.

யூனிஃபார்ம் இல்லை. கழுத்தில் பெயர் அட்டை மட்டும் உண்டு. நான் வேலை பார்க்கும் நிறுவனம் பெரிய கட்டடங்களின் இயந்திரங்களைப் பராமரிக்கிறது. அவற்றில் சில, நின்றுபோனால் ஊரே தடுமாறிவிடும் வகை. மருத்துவமனைக்கு ஏசிக்கான குளிர்நீர் அனுப்பும் ஆலை, நீரேற்று நிலையம் இப்படி. அவற்றில் மாட்டியிருக்கும் கணினிகளையும் கருவிகளையும் அரசு தனிக் கண்ணோடு பார்க்கிறது. முன்பெல்லாம் ஆலையின் சொந்தக்காரர் பதில் சொன்னால் போதும். இப்போது விதிகள் இறுகிவிட்டன. அவருக்குச் சாமான் கொடுத்தவர் யார், அந்தக் கொடுத்தவருக்குக் கொடுத்தவர் யார் என்று சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை போய்க் கேட்க வேண்டும். கேட்பவள் நான்.

சுவரில் மாட்டும் ஒரு சின்னக் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிமேல் ஒரு பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர் வேறொருவர். அதற்கு மென்பொருள் எழுதியவர் வேறு. அந்த மென்பொருளைப் புதுப்பிக்க அது அவ்வப்போது எங்கோ இருக்கும் ஒரு சர்வரைக் கூப்பிடும். அந்த சர்வர் யார் கையில் இருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. நாளைக்கு அவர் மனம் மாறினாலோ, அவரை ஓர் அரசாங்கம் மிரட்டினாலோ, குளிர்நீர் ஆலைக்குள் ஒரு கண் திறந்துகொள்ளும். கண் மட்டுமா, அதே கம்பி வழியாகக் கையும் நுழையும். இது கற்பனைப் பயம் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை.

இந்த வேலையில் சேரும்போது என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். எங்கே பிறந்தாய், பெற்றோர் யார், எந்தெந்த நாட்டில் உறவினர்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மாவின் கல்வித் தகுதி என்ற இடத்தில் 'இல்லை' என்று நான் தட்டியபோது வெட்கப்படவில்லை. அந்த இரண்டு 'இல்லை'களுக்குக் கீழே என் முதுகலைப் பட்டத்தை எழுதியபோது தலை கொஞ்சம் நிமிர்ந்தது என்பதுதான் உண்மை.

3

ஒரு குளிர்நீர் ஆலையில் வழக்கமான சோதனை. எங்கள் பொறியாளர் ஒருவர் அங்கே இருந்த எல்லாக் கருவிகளையும் படம் எடுத்து வந்தார். கூட்ட அறையில் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினோம். என் மேலதிகாரி ஷூ லிங் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த ஊர்ச் சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதிர்ந்து பேசாதவர்.

ஒரு படத்தில் வெள்ளைக் கேமரா. அதன் நெற்றியில் நீல ஸ்டிக்கர்: தென்மோ.

"ஜப்பான் கம்பெனியா? கேள்விப்பட்டதில்லையே" என்றார் ஷூ லிங்.

அந்த ஸ்டிக்கர் எனக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவில் பாதி மளிகைக் கடைகளின் மூலையில் அது ஒட்டியிருக்கும். தேன்மொழி என்ற என் பெயரைச் சுருக்கி, கொஞ்சம் வெளிநாட்டு வாசனை சேர்த்து மாமா வைத்த பெயர் அது.

மாமா இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். கேபிள் இழுத்தார், பிறகு கேமரா மாட்டக் கற்றுக்கொண்டார், பிறகு இங்கேயே பிறந்து வளர்ந்த அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டு, இந்த ஊர்க்காரர்போல் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடப் பழகி, குடியுரிமை வாங்கினார். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. பெயர் இல்லாத கேமராக்களை ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கி, மேலே தன் ஸ்டிக்கரை ஒட்டுவார். "பக்கத்துக் கடைல மொளகாத்தூள மூட்டையா வாங்கி, பாக்கெட்டு போட்டு, மேல தன்னோட தாயார் படம் ஒட்டி விக்கிறாரு. அவருகிட்ட மொளகா எங்க வெளஞ்சதுன்னு எவனாச்சும் கேட்டானா?" என்று சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். என் பெயர் அத்தனை கடைகளின் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தக் கேமரா எப்படி மளிகைக் கடையிலிருந்து குளிர்நீர் ஆலைக்கு ஏறியது என்று கேட்டால், எல்லாம் ஏறுவதுபோலத்தான். எங்கள் நிறுவனம் கேமரா மாட்டும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது. அவர் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் மாமாவைக் கூப்பிட்டார். மாமாவுக்கு அது வாழ்க்கையிலேயே பெரிய வேலை. அது எந்த இடம், அங்கே என்ன விதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பொறியாளர் அந்தக் கேமராவைத் தனியாகக் கழற்றி வந்து சோதித்தார். மின்சாரம் கொடுத்த உடனே அது யாரையும் கேட்காமல் தொலைதூரத்து முகவரி ஒன்றைக் கூப்பிட்டது. நாங்கள் தடுத்தோம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விதி சரி, மாமா தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அன்றே ஷூ லிங்கிடம் சொன்னேன். இந்த வியாபாரி என் தாய்மாமன், அந்த ஸ்டிக்கரில் இருப்பது என் பெயர். அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு, "சொன்னதற்கு நன்றி. எல்லாரும் சொல்ல மாட்டார்கள்" என்றார். இனி இந்த விசாரணையில் எனக்குப் பங்கில்லை. அது முடியும்வரை மாமாவோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு விதிவிலக்கு: மாமாவை நேர்காணலுக்கு அழைக்கும்போது, உறவு பற்றிய முதல் கேள்வி முடியும்வரை நான் அறையில் இருக்க வேண்டும். இருவரும் ஒரே உறவைச் சொன்னதாகப் பதிவு செய்வார்கள். பிறகு நான் எழுந்து போய்விட வேண்டும்.

"உன் மாமா பயப்படத் தேவையில்லை" என்றார் ஷூ லிங். "தெரியாமல் மாட்டிய சின்ன வியாபாரிகளுக்கு அவகாசம் கொடுக்கிறோம். கேமராவை மாற்றிக் கொடுத்தால் போதும். உண்மையைச் சொன்னால் சரி."

அன்று வீட்டுக்கு ரயிலில் போகும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. கை சுத்தம் என்ற நிம்மதி.

4

எங்கள் ஊர் ராணிப்பேட்டை. அம்மா ஏற்றுமதிக்குச் செருப்பு தைக்கும் தொழிற்சாலையில் மேல்தோல் சேர்க்கும் பிரிவில் இருந்தாள். மாமாவும் சிங்கப்பூர் வருவதற்கு முன்னால் அதே பிரிவில் பசை தடவினார். வெளிநாட்டுக் கம்பெனிகளிலிருந்து அவ்வப்போது ஆட்கள் சோதனைக்கு வருவார்கள். வருவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்க வைத்துப் பதில் சொல்லிக் கொடுப்பார். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. கையுறை கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள். ஒரே பிரிவில் உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா? இல்லை.

உறவுக்காரர்கள் ஒரே பிரிவில் இருந்தால் ஒருவரை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு அங்கே உண்டு. அதனால் சோதனை நாளில் அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். ஒரே வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுத் தனித்தனிப் பேருந்தில் போவார்கள். ஒருமுறை கோட்டுப் போட்ட ஒருவர் அம்மாவைக் காட்டி மாமாவிடம், "இவங்க யாரு?" என்று கேட்டாராம். "இந்த அம்மாவா? மூக்குத்தி போட்டிருக்காங்களே, அவங்களா? பேரு தெரியாதுங்க" என்று மாமா சொன்னதை இரண்டு பேரும் எத்தனையோ முறை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்த மூக்குத்தியே மாமா வாங்கிக் கொடுத்தது.

நான் அதைக் கேட்டு வளர்ந்தவள். மாமாவின் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் இந்தக் கதை ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

மாமாவின் நினைவுக்கு மட்டும் வந்திருக்கிறது. எங்கள் நிறுவனத்திலிருந்து அவருக்கு நேர்காணல் அழைப்புப் போகிறது. அதே வாரம் நான் போன் எடுப்பதை நிறுத்துகிறேன். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பிள்ளை பயந்துபோய் இருக்கிறது, உறவு தெரிந்தால் அதற்கு வேலை போய்விடும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

5

நேர்காணலுக்கு மாமா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். மேசையின் அந்தப் பக்கம் ஷூ லிங், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், ஓரத்தில் நான். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. எல்லாருக்கும் சொன்னதுபோல எனக்கும் ஒரு "குட்மார்னிங் மேடம்" சொன்னார். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் மரியாதை காட்டுகிறார் என்று நினைத்தேன்.

சட்டப் பிரிவுக்காரர் முதல் கேள்வியைப் படித்தார். இந்த நிறுவனத்தில் உங்களுக்கு உறவினரோ நெருங்கிய பழக்கம் உள்ளவரோ யாராவது இருக்கிறார்களா?

"நோ சார்."

ஷூ லிங் என்னைப் பார்க்காமல், மிக மெதுவாக, "மிஸ்டர் குமரேசன், நேரம் எடுத்துக்கொண்டு யோசித்துச் சொல்லுங்கள். யாரும் இல்லையா?" என்றார்.

கண்ணியமான ஒரு பெண் கை நீட்டிக் காட்டிய வாசல் அது. மாமாவுக்கு அது பொறியாகத் தெரிந்தது.

"நோ மேடம். நோ ரிலேட்டிவ், நோ ஃப்ரெண்ட். ஐ ஆம் ஸ்மால் மேன் லா. பிக் கம்பெனில யாரைத் தெரியும்?"

"இந்தத் தென்மோ என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று ஷூ லிங் அதையே இன்னொரு வழியில் கேட்டார்.

"மீனிங் ஒண்ணும் இல்ல மேடம். சும்மா. ஜப்பான் மாதிரி சவுண்டு நல்லா இருக்கும்னு வெச்சது."

என் பெயர் அட்டை என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் தேன்மொழி. அதை உள்ளங்கையால் மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றும் தெரியவில்லை. மேசையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்த பெயர்தான்.

நான் மூடியதை மாமா பார்த்துவிட்டார். தன் சந்தேகம் சரிதான் என்று அப்போது அவருக்கு உறுதியாகியிருக்கும். நடிப்பை இன்னும் ஒரு படி ஏற்றினார். என் பக்கம் திரும்பி, தமிழில், புதிய மனிதர்களிடம் பேசும் குரலில் கேட்டார்:

"மேடம் தமிழா? ஊர்ல எந்தப் பக்கம்ங்க?"

அவர் கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சிரிப்பு. சோதனை நாளில் அம்மாவைப் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பார்.

மாமா, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வந்தது வேறு.

"ராணிப்பேட்டைங்க."

"அட! நல்ல ஊரு" என்றார் மாமா.

சட்டப் பிரிவுக்காரர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி முடிந்துவிட்டது. நான் எழுந்து வெளியே போக வேண்டும். போனேன். கதவு மூடும்போது ஷூ லிங்கின் குரல் கேட்டது: "மிஸ்டர் குமரேசன், அது உங்கள் மருமகள். அவர் எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார்."

மாமா என்ன சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அது கை காட்டினால் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் குழாய். மறுபடி மறுபடி கையை நீட்ட வேண்டியிருந்தது.

6

முடிவு சில வாரங்களில் வந்தது. கேமராவுக்காக மாமாவைத் தண்டிக்கவில்லை. தவறு அது மட்டும் என்றால், மாற்றிக் கொடுக்க அவகாசம் தந்திருப்பார்கள். விசாரணையில் தெரிந்தே பொய்யான பதில் சொன்னதற்காக, எங்கள் வேலைச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் அவர் இருக்கக் கூடாது என்றார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கும் தெரிவித்தார்கள். ஓர் இடத்தில் கதவு மூடினால் பெரிய கட்டடங்கள் எதிலும் அவருக்குத் திறக்காது. இங்கே அப்படித்தான்.

விசாரணை முடிந்துவிட்டதால் இனி பேசலாம் என்று ஷூ லிங் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சுவா சூ காங் போனேன். மாமா வீடு அங்கேதான். கதவைத் திறந்தவர், "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார்.

இதுவரை மாமா என்னை 'ங்க' போட்டு அழைத்ததே இல்லை. அவரே கவனித்துவிட்டு, "பாத்தியா, அன்னிக்கு ஆரம்பிச்சது, நாக்கு இன்னும் ஆபீஸ்லயே இருக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

"நீ முன்னாடியே சொல்லிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும் தேனு? அந்தச் சீனம்மா சொன்னதும் எனக்கு பூமிக்குள்ள போயிடலாம்போல ஆயிடுச்சு. உன்னைய வேற எந்தப் பக்கம்னு கேட்டு வெச்சேன். நல்ல வேள, சம்பளம் எவ்ளோன்னு கேக்கல."

அவர் மகள் நிஷா சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பள்ளிக்கூடம் போவதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று புரியாத முதல் ஆள். அவளுக்குத் தமிழ், பள்ளியில் ஒரு பாடம். தலை நிமிராமல் சொன்னாள்:

"பட் அப்பா, நீங்க லை பண்ணீங்க. ஜஸ்ட் டெல் த ட்ரூத் லா, சோ சிம்பிள். அக்கா கரெக்ட்டாதான் பண்ணாங்க."

அவள் எனக்காகப் பேசினாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

அத்தை சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். நிஷாவின் முதுகில் ஒன்று வைத்து, "நீ வாயை மூடு" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"உன்ன நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ பேசக்கூடாது, ஓகே, ரூல் லா, எனக்குப் புரியுது. ஆனா நீ உன் பாஸ்கிட்ட சொல்லி, அவங்களே இவருக்கு ஒரு ஈமெயில் போட்டிருக்கலாமே? 'உங்க மருமக ஏற்கெனவே டிக்ளேர் பண்ணிட்டாங்க, பயப்படாம வாங்க'ன்னு. அது ரூல்ல கூடாதா?"

மாமா, "விடு ஷாந்தி, பிள்ளைய நிக்க வெச்சு" என்றார்.

"நான் சும்மாதான் கேக்கறேன். கூடும்னா கூடும்னு சொல்லட்டும், கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லட்டும்."

கூடும். திரும்பி வரும் ரயிலில் அந்த விதிமுறையை மறுபடி படித்தேன். மேலதிகாரி வழியாகத் தகவல் அனுப்பத் தடை இல்லை. அப்படியே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றும் அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். ஷூ லிங் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பியிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விதி கேட்டதைவிட ஒரு முழம் கூடுதலாகவே நான் விலகி நின்றேன். சொந்த மாமாவின் போனைக்கூட எடுக்காதவள் என்று நானே என்னைப் பார்த்துக்கொள்வதில் அந்த வாரம் எனக்கு ஒரு ருசி இருந்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது. அத்தையிடம் 'கூடும்' என்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

மாமாவிடம் இருந்த தொழிலாளிகள் வேறு முதலாளிகளிடம் போய்விட்டார்கள். மளிகைக் கடை, நகைக் கடை, முடி திருத்தும் கடை வேலைகள் மட்டும் வருகின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர் மறுபடி தானே ஏணி ஏறுகிறார். ஒரு சனிக்கிழமை பூ வாங்கப் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். பூக்கடை வாசலில் ஏணிமேல் நின்று, வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டு மேலே எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடிக்க ஆளில்லை. நான் பூ வாங்காமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

7

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லாரும் கணினியில் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும். விநியோகச் சங்கிலியில் தேசப் பாதுகாப்பு அபாயங்கள் என்பது தலைப்பு. படங்கள் வரும், உதாரணங்கள் வரும், கடைசியில் கேள்விகள். ஒரு விடை தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சென்ற வாரம் உட்கார்ந்தேன்.

இந்த ஆண்டு ஒரு புதிய உதாரணம் சேர்த்திருந்தார்கள். பெயர் இல்லை. 'விற்பனையாளர் அ'. பூர்வீகம் தெரியாத கருவிகளுக்குச் சொந்த முத்திரை ஒட்டி விற்றவர். நேர்காணலில் ஊழியர் ஒருவருடன் தனக்குள்ள உறவை இரண்டு முறை மறுத்தவர். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பையன் அதே பக்கத்தில் இருந்தான் போலிருக்கிறது. "இரண்டு முறை! அவங்ககிட்ட எல்லா விவரமும் இருக்கும்போது பொய் சொல்ல எவ்வளவு தைரியம்" என்று சிரித்தான்.

கேள்வி வந்தது. விற்பனையாளர் அ உறவை மறுத்ததற்கு மிகப் பொருத்தமான காரணம் எது? நான்கு விடைகள். விதிகளை அறியாதது. கேள்வி புரியாதது. மறதி. முறையற்ற ஆதாயம் பெறும் நோக்கம்.

நான்கையும் திரும்பப் படித்தேன். இந்த நான்கும் இல்லை என்று தட்ட அதில் இடம் இல்லை. ஷூ லிங்கின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது. போய், இந்தக் கேள்வி தவறு, அந்த மனிதர் வேறு காரணத்துக்காகச் சொன்னார் என்று சொல்லலாம். கேட்டிருப்பார். நல்லவர். எழுந்துகூட நின்றேன். பையன் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கேட்பவருக்கு என்ன விடை வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்படித்தான் ராணிப்பேட்டையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன். நான்காவதைத் தட்டினேன். பச்சை நிறத்தில் 'சரியான விடை' என்று வந்தது. மீதிக் கேள்விகளும் முடிந்தன. சான்றிதழ் என் பெயரோடு திரையில் விரிந்தது.

அன்று மாலை அம்மா கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?"

"இனிமேதாம்மா."

"நேத்து தம்பி பேசினான்டி. 'உன் பொண்ணு மாமன்னுகூடப் பாக்கல அக்கா, அவ்ளோ கறாரு, ஆபீஸ்ல எல்லாரும் அத்த மெச்சிக்கறாங்க'ன்னு ஒரே சிரிப்பு. இங்க உங்க பெரியப்பனுக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கான். இன்னாடி அது, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஆபீஸ் விஷயம்மா. அப்புறம் சொல்றேன்."

"அவன் கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சளியான்னு கேட்டேன், ஆமான்னான். நீ போய்ப் பாத்தியா?"

"போவேம்மா."

"இன்னிக்கு என்னா வேல?"

"ஒரு பரீட்சை மாதிரி."

"இன்னும் பரீட்சையா! எவ்ளோ வாங்கினே?"

"நூத்துக்கு நூறு."

"ஆங்! இரு, தம்பிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்றேன். நீ மார்க்கு வாங்கினா என்னவிட அவனுக்குத்தான் சந்தோசம்."

வேண்டாம்மா என்று நான் சொல்வதற்குள் அம்மா வைத்துவிட்டாள்.